வன்னியிலிருந்து வல்வெட்டித்துறைக்கு: போய்த் தங்கிவர ஒரு மருமகன் சொல்வது

கிளிநொச்சியில் எனக்கு ஒரு தச்சுப் பட்டறை. மனைவி வல்வெட்டித்துறைக்காரி. இந்த இரண்டும் தெரிந்தவர்கள், கதவு நிலைக்கு விலை கேட்டு முடிந்ததும் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணை, உங்கட மாமியார் ஊரிலே முந்தி கப்பல் கட்டினவையாமே, போனால் பார்க்கலாமோ?" ஒவ்வொருவருக்கும் உளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் சொல்லிக் கட்டாது. அதனால் எழுதிவைக்கிறேன்.

கப்பல் பார்க்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாந்து வருவீர்கள். அங்கே கப்பல் கட்டியதெல்லாம் வெறும் கடற்கரை மணலில். மேஸ்திரி, மரம், கைவாள், உளி, கொட்டாப்புளி, கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்குகளைத் தண்ணீர் புகாமல் அடைப்பதற்கு, ஆட்கள். கப்பல் கடலுக்குள் இறங்கிய பிறகு மணல்தான் மிச்சம். பெரிய மதிலும் இரும்புக் கூரையும் உள்ள கப்பல் தளம் எதுவும் அங்கே இருந்ததில்லை, இடிந்து கிடக்கவும் இல்லை. பக்கத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மத்தியானப் பூசை பார்த்துவிட்டு, வான் பிடித்து வந்த கையோடு வல்வெட்டித்துறையில் பத்து நிமிடம் நிறுத்தி, கடலைப் பார்த்து, போன் எடுத்துப் படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் "ஒண்டுமில்லையே" என்று சொல்வது அதனால்தான். அந்த ஊரில் மிச்சமிருப்பது வீடுகளுக்குள்ளும் கோயில்களிலும் வயது போனவர்களின் வாயிலும் இருக்கிறது. அதற்கு இரண்டு இரவாவது தங்க வேண்டும்.

போவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் கதைக்க வசதி. வல்வை என்று சுருக்கிச் சொல்லும் வல்வெட்டித்துறை ஆட்கள் தோணியும் கப்பலும் கட்டி, தாங்களே ஓட்டி, தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் போய்வந்த கடலோடிகள். இங்கிருந்து புகையிலை, அங்கிருந்து அரிசி, தேக்கு. அவர்கள் கட்டியவற்றில் உலகம் அறிந்தது அன்னபூரணி. 1930இல் கட்டிய இரண்டு பாய்மரக் கப்பல், கிட்டத்தட்ட 90 அடி நீளம். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி 'ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வைத் தண்டலும் (கப்பல் தலைவர்) வல்வை மாலுமிகளும் அதைச் சூயஸ் வழியாக ஓட்டிக்கொண்டுபோய் 1938இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வேப்பமரத்தில் செய்த கப்பல் என்று சொல்வார்கள். கிளிநொச்சியில் வேம்பை நாங்கள் நிலைக்கும் அலுமாரிக்கும் எடுக்கிறோம். கறையான் கிட்ட வராது, ஆனால் நீளமான நேர்மரம் கிடைப்பது கஷ்டம். அந்த மரத்தை வளைவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து அத்திலாந்திக்கைக் கடக்கிற உடம்பாக்கியவனின் கையை நான் தொழில்காரனாக நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்தக் கப்பல் தொழில் பிறகு ஏன் நின்றது என்று மாமாவிடம் கேட்டால் விரல் மடித்து எண்ணுவார். நீராவிக் கப்பல் வந்தது ஒன்று. 1942இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு ரங்கூன் அரிசி நின்றது இரண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போட், விசா, சுங்கம் என்று வந்து, அப்பன் பாட்டன் செய்த வியாபாரம் பேரன் காலத்தில் கடத்தல் என்று பெயர் வாங்கியது மூன்று. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பார்.

சரி, பாதைக்கு வருவோம். கிளிநொச்சியிலிருந்து 60, 70 கிலோமீட்டர் அளவு. ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறி, பரந்தன், ஆனையிறவு, பளை தாண்டிக் கொடிகாமத்தில் இறங்குங்கள். ரெயிலில் வந்தாலும் கொடிகாமம்தான். யாழ்ப்பாணம் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். வன்னிக்காரர் பலர் இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள். கொடிகாமத்திலிருந்து வரணி, முள்ளி வழியாகப் பருத்தித்துறைக்குப் பஸ் இருக்கிறது. இந்த வழித்தடத்தின் பழைய தட்டிவான் ஒன்று அகப்பட்டால் விடாமல் ஏறுங்கள். பக்கமெல்லாம் திறந்த மரப்பெட்டி வண்டி. மரக்கறி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிவரும், ஆனால் மரவேலை பார்க்கத் தகுந்தது. பருத்தித்துறையிலிருந்து கரையோர வீதியால் மேற்கே 8 கிலோமீட்டர் அளவு, பொலிகண்டி தாண்டினால் வல்வெட்டித்துறை. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்தவர்கள் ஏ35 வீதியால் பரந்தனுக்கு வந்து, அங்கே பஸ் மாறுவதுதான் வசதி. காலையில் வெள்ளனப் புறப்படுங்கள். கடைசி பஸ்ஸை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

எப்போது போவது என்பது எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். வன்னியில் நாங்கள் விடுகிற கொக்கும் பிராந்தும் எட்டுமூலையும் அங்கே பழைய பாடம். இப்போது விமானம், கப்பல், பறவை என்று உருவம் உருவமாகச் செய்து ஏற்றுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பட்டம் ஏறுகிற நேரத்துக்குப் போகாமல், முன்னதாகவே போய்க் கட்டுகிற இடத்தில் நில்லுங்கள். மூங்கிலைச் சீவி, எடை பார்த்து, முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) கட்டுகிற இளைஞர்களைப் பார்த்தால் ஊரில் கப்பல் மேஸ்திரிமார் எங்கே போனார்கள் என்பதற்குப் பாதிப் பதில் கிடைக்கும். ஒரு பொடியன் ஈர்க்குக் கனத்தில் சீவிய இரண்டு தடிகளை விரல் நுனியில் கிடத்தி, சாய்கிற பக்கத்தை மட்டும் கத்தியால் ஒரு தடவை வழித்து, மறுபடியும் விரலில் வைத்துப் பார்த்ததை நான் நின்று பார்த்தேன். அளவுகோல் எதுவும் அவனிடம் இல்லை.

மற்றது சித்திரா பௌர்ணமி. முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தம் அன்றைக்கு, இரவு இந்திரவிழா. வீதி நெடுகப் பந்தலும் மின்விளக்கும் மேடையும் வாணவேடிக்கையுமாக ஊர் விடியும்வரை நித்திரை கொள்ளாது. லண்டனிலும் கனடாவிலும் உள்ள வல்வைக்காரர் அதற்கென்றே வருவார்கள். அந்த வாரத்தில் தங்குமிடம் தேடாதீர்கள். உறவினர் வீடு இருந்தால் போங்கள். இல்லையென்றால் இரவு முழுவதும் விழா பார்த்துவிட்டு விடிய பஸ் ஏறுகிற மாதிரி வாருங்கள்.

கூட்டம் வேண்டாம், ஊர் வேண்டும் என்றால் சோளகக் காலம், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலம், நல்லது. அந்த நாட்களில் வடகடல் அமைதியாக இருக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் கடல் கரைக்கே வந்துவிடும். படகுகளை இழுத்து மேலே ஏற்றிவைத்திருப்பார்கள், மழையும் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் போக வேண்டிய அவசியம் இல்லாவிட்டால் போகவேண்டாம்.

தங்குமிடம்தான் பெரிய கேள்வி. நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் லொட்ஜ் கிடைக்கும், பஸ் வசதியும் உண்டு. ஆனால் அங்கே தங்கினால் வல்வெட்டித்துறையின் காலையும் இரவும் உங்களுக்குக் கிடைக்காது. என் யோசனை ஊருக்குள்ளேயே ஒரு வீடு பார்ப்பது. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிக்கிடக்கும் வீடுகள் நிறைய. சிலவற்றை யாராவது உறவினர் பராமரித்துக்கொண்டு, நம்பிக்கையான ஆட்களென்றால் நாள்வாடகைக்குக் கொடுப்பார்கள். விளம்பரப் பலகை இருக்காது. வன்னியில் விசாரித்துப் பாருங்கள்: இடம்பெயர்ந்த காலத்தில் வல்வைக் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இருந்தன, அந்தத் தொடர்பில் யாராவது ஒருவர் அகப்படுவார். என் கலியாணமே அப்படி வந்ததுதான். பேசும்போது காசு, எத்தனை பேர், சமைக்கலாமா, தண்ணீர் எப்படி என்பதையெல்லாம் முன்னாடியே வெளிப்படையாகக் கேளுங்கள். தண்ணீர் பற்றி முக்கியமாகக் கேளுங்கள். கடலோரக் கிணறுகள் சில உவர். குளிக்கலாம், தேத்தண்ணி போட்டால் முகம் சுளிப்பீர்கள். குடிதண்ணீர் போத்தலில் வாங்கி வையுங்கள். இன்னொன்று: கலியாணமாகாத பொடியன்கள் கூட்டமாகப் போய் வீடு கேட்டால் கிடைப்பது அரிது. குடும்பமாகப் போனால் கதவு தானாகத் திறக்கும்.

பக்தியோடு போகிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி மடங்கள். வல்வெட்டித்துறையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் எதுவும் செய்யாதீர்கள், கரையோரமாக நடந்தால் போதும். முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடல் முதலில் விளங்காது. எங்கள் கரை கிழக்கு நோக்கியது. நீளமான மணல், அலை நேரே வந்து விழும். வல்வெட்டித்துறை வடக்கு நோக்கியது. கரையை ஒட்டி முருகைக்கல் பார் கிடக்கிறது. அலை அதிலேயே உடைந்து நுரையாகி, உள்ளே வரும்போது சோர்ந்துபோய் வருகிறது. பாருக்கிடையே ஆழமாக உள்ள இடத்தை வான் என்பார்கள். படகு போவதும் வருவதும் வான் வழியாகத்தான். மறுநாள் விடியற்காலையில் எழுந்து போய், வலைப்படகுகள் திரும்பும் நேரம் நின்று பாருங்கள். ஓட்டி கரையிலுள்ள ஏதோ ஓர் அடையாளத்தைக் குறிவைத்து, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, ஒரே கோட்டில் உள்ளே வருவான். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருக்கும். பாய்மரக் காலத்தில், எஞ்சின் இல்லாமல், அரிசி ஏற்றிய தோணியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் எதை நம்பி வந்தார்கள் என்று அங்கே நின்றால் விளங்கும்.

எதிரே கோடியக்கரை, 60 கிலோமீட்டர் அளவு. அந்தக் கடலைத்தான் 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவும் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் இறந்தார். இதைக் கேட்டுவிட்டு உங்கள் பிள்ளைகள் கடலில் குதிக்கத் துடிப்பார்கள். விடாதீர்கள். முருகைக்கல் காலைக் கிழிக்கும், வானுக்குள் இழுப்பு இருக்கும். குளத்தில் நீந்தப் பழகினவன் என்ற தைரியம் இங்கே செல்லாது. எங்கே இறங்கலாம் என்று கரையில் வலை பின்னுகிறவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில் மட்டும் இறங்குங்கள். கடற்படைக் காவல் உள்ள இடத்தில் எதையும் படம் எடுக்கவும் வேண்டாம்.

அடுத்த நாள் கோயில்கள். முத்துமாரி அம்மன் கோயிலும், அதன் அயலிலுள்ள வைத்தீஸ்வரன் கோயிலும் கப்பல் காசில் எழுந்தவை. கப்பல் உரிமையாளர்களின் குடும்பங்கள் கொடுத்ததும் கட்டியதும்தான் இவை என்று ஊரார் சொல்வார்கள். வைத்தீஸ்வரன் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை எடுப்பித்தது. ஆண்கள் வேட்டி கொண்டுபோங்கள், உள்ளே மேற்சட்டை கழற்ற வேண்டும். கருங்கல் தூண்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கப்பல் கட்டின ஊரின் மரவேலையைச் சுவாமி வாகனங்களிலும் தேரிலும் தேடுங்கள். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வாகனசாலைப் பக்கம் பார்க்கலாமா என்று ஐயரிடம் பணிவாகக் கேட்டால் சில நேரம் விடுவார்கள்.

ஆனால் இந்த ஊரில் நான் பார்த்த மிகப் பெரிய பொருள் மாமி வீட்டுப் பெட்டகம். மாமியின் பேரனார் ரங்கூனிலிருந்து தோணியில் கொண்டுவந்தது என்று குடும்பத்தில் சொல்வார்கள். பர்மாத் தேக்கு. இடுப்பளவு உயரம், ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம். மூலைகளில் ஆணி கிடையாது. இரண்டு பலகையின் விளிம்பையும் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறக்கியிருக்கிறார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே என் நகம்கூடப் போகவில்லை. அடியில் நான்கு மூலைக்கும் தடித்த கட்டை, தளத்து ஈரம் ஏறாமல். மூடியைத் திறந்தால் உட்புறம் இன்னும் தேனின் நிறத்தில் இருக்கிறது. மாமி இப்போது அதற்குள் பாய், தலையணை, ஒடியல் பை என்று எல்லாவற்றையும் போட்டுவைத்திருக்கிறார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நல்ல விலை கேட்டபோது, "அதைக் குடுத்துப்போட்டு ஒடியலை எங்கை வைக்கிறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்படி ஒன்று பல வீடுகளில் உண்டு: பெட்டகம், கதவு, தூண், விறாந்தைத் தீராந்தி (கூரை தாங்கும் மரம்).

அவற்றைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்குள் நுழையாதீர்கள். படலையில் நின்று குரல் கொடுங்கள். எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்பார்கள். வன்னியில் உங்கள் ஊரைச் சொல்லுங்கள், "கிளிநொச்சி" என்று மொட்டையாகச் சொல்லாமல் உருத்திரபுரம், வட்டக்கச்சி என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பெயரிலிருந்தே கதை தொடங்கிவிடும், தாங்கள் இடம்பெயர்ந்து எந்த மரத்தடியில் இருந்தோம் என்பதிலிருந்து. வயது போனவர்களை அப்பு, ஆச்சி என்றும், அவ்வளவு வயதில்லாதவர்களை ஐயா, அம்மா என்றும் கூப்பிடுங்கள். கப்பல் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். ஒருமுறை என்னோடு வந்த நண்பர் அப்படிக் கேட்டதற்கு ஓர் அப்பு, "கப்பலே பாக்க வந்தனீங்கள்? அது எப்பவோ போட்டுது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். தேத்தண்ணி வந்து, குடித்து முடிந்து, மழை பற்றியும் நெல் விலை பற்றியும் கதைத்த பிறகு, அவரே தன் தகப்பன் நாகபட்டினத்துக்கு ஓடிய கதையைத் தொடங்கினார். எழும்பி வர இருட்டிவிட்டது.

சில கதைகளை நீங்கள் கேட்கவே கூடாது, அவர்களே சொன்னால் மட்டும் கேளுங்கள். 1989 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இந்திய இராணுவம் இந்த ஊரில் அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. அந்த வீடுகளில் சில உங்கள் நடைபாதையில்தான் இருக்கின்றன. வன்னியிலிருந்து போகிற எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து ஒருவர் 2009ஐப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும். பிரபாகரன் பிறந்த வீடு எது என்று வீதியில் சத்தமாக விசாரிப்பதும் வேண்டாம். வீடு 2010இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. கேட்கிறவர் போய்விடுவார், வழி காட்டியவர் ஊரில் இருக்க வேண்டும்.

செல்வச்சந்நிதிக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். சைக்கிள் கிடைத்தால் அதில் போவது உத்தமம், ஓட்டோவும் உண்டு. பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் இல்லாமல் மௌனமாகப் பூசை செய்கிற கோயில் இது. முருகனுக்கு ஆல இலையில் அமுது படைப்பார்கள். சுற்றிவர மடங்கள், அன்னதானம் இல்லாத நாள் இல்லை. சந்நிதியான் ஆச்சிரமத்திலும் தினம் சோறு உண்டு. மடங்களில் இரவு தங்க நினைத்தால் போய் நேரே கேளுங்கள். பாயும் போர்வையும் உங்களுடையதாக இருக்கட்டும், மாமிசம், மது வாடையே கூடாது. ஆவணித் திருவிழாக் காலத்தில் நிற்க இடமிருக்காது. கதிர்காமப் பாதயாத்திரை தொடங்குவதும் இங்கிருந்துதான். வட்டாப்பளை அம்மன் கோயிலடியில் நீங்கள் வருடாவருடம் சோறு போட்டு அனுப்புகிற அந்த அடியார்கள் புறப்படுகிற வாசல் எது என்று பார்த்துவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மீன் ஊர். காலையில் கரையிலேயே வாங்கி, தங்கும் வீட்டில் சமைக்கச் சொன்னால் அதைவிட நல்ல சாப்பாடு கடையில் இல்லை. சுறா கிடைத்தால் வறை, சின்ன மீனென்றால் சொதி. ஒடியல் கூழ் காய்ச்ச ஆள் இருந்தால் முதல் நாளே சொல்லிவையுங்கள், அது நினைத்தவுடன் ஆகிற வேலையல்ல. ஒரு பின்னேரம் பருத்தித்துறைக்குப் போய் ஓடக்கரைத் தோசை சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகப் பருத்தித்துறை வடை வாங்கலாம்; தட்டையாக மொறுமொறுவென்று இருக்கும், பல நாள் கெடாது. பக்கற்றில் அடைத்து வைத்திருப்பதைவிட அன்றன்று சுடுகிற வீட்டில் வாங்குவது ருசி.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளோ சொந்த வாகனமோ இருந்தால் வந்த வழியால் வரவேண்டாம். பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி என்று வடமராட்சி கிழக்குக் கரையால் இறங்கி, புதுக்காட்டுச் சந்தியில் ஏ9இல் ஏறலாம். மணற்காட்டில் சவுக்கந்தோப்பும், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோவில் சுவர்களும் இருக்கின்றன. செருப்பைக் கழற்றாமல் நடந்தால் பாதி மணலை வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். பெற்றோல் பருத்தித்துறையிலேயே நிரப்புங்கள், குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் கடைகள் குறைவு. வெய்யிலுக்கு முன் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பரந்தனுக்கு வந்துவிடலாம். மாரி மழை பிடித்துவிட்டதென்றால் இந்தப் பாதையை மறந்துவிட்டு, கொடிகாமம் வழியே வாருங்கள்.